முன்கூட்டித் தீர்க்கும் கடன்

தமிழிலே 'கடன்' என்னுஞ் சொல் இருவேறு பொருள்களைத் தாங்கி நிற்கின்றது. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன்; ஒருவர் செய்தேயாகவேண்டிய கடமையும் கடன். பெற்றோர்க்குச் செய்யுங் கடன், இறந்தோர்க்குச் செய்யுங் கடன், வங்கிக்குச் செலுத்துங் கடன் என யாவற்றையும் ஒரே சொல்லாற் சுட்டுவது தமிழர்க்குப் பழக்கமாகிவிட்டது. ஆயினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. வங்கிக் கடனுக்குத் தொகையும் தவணையும் உள. வசதியுள்ளவர் அதனைக் காலத்துக்கு முன்னரே தீர்த்துவிடலாம். தாய்க்குச் செய்யவேண்டிய கடனை அவ்வாறு முன்கூட்டித் தீர்த்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டவர் எவருமிலர்.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை ஆகிய இடங்களிலும் தனித்து வாழ்ந்துகொண்டு, வங்கிக் கடனால் வீடு வாங்கிய ஆண்களும் பெண்களும் இன்று உளர். குடும்பஸ்தர் ஒருவர் வீட்டுக் கடனை விரைந்து அடைத்தால், பிள்ளைகளை நினைத்து நடக்கும் பொறுப்புள்ள மனிதர் என ஊர் அவரைப் புகழும். அதே செயலைத் திருமணமாகாதவர் செய்தாற் பேச்சு வேறாகின்றது. யாருக்காக இந்த அவசரம் என்னும் வினா எழுகின்றது. அவ்வினா ஏளனமாகக் கேட்கப்படினும், அதனுள்ளே அறவியல் சார்ந்த ஒரு சிக்கல் உண்டு.

ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டியதில்லை, இத்தகையோர் கண்டியிற் பலர். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயன் அறையிற் பிறந்து, பேராதனையிற் பட்டம் பெற்று, நகரத்துப் பாடசாலையிற் கற்பிப்பவர். நாற்பது வயது. மணமாகவில்லை. கட்டுகஸ்தோட்டையிலே பத்துப் பேர்ச் காணியுடன் கூடிய சிறு வீட்டை வாங்குதற்கு 20 இலட்சம் ரூபாவை 20 ஆண்டுத் தவணையிற் கடனாகப் பெற்றார். வீட்டின் உறுதி வங்கியில் ஈடாக இருக்கின்றது. தாயார் அவரோடு வசிக்கின்றார்.

கணக்கின் எளிமைக்காக வட்டியை ஆண்டுக்கு 12 சதவீதம் எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 22,022 ரூபா. முதன் மாதம் அவர் செலுத்தும் அத்தொகையில் 20,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் கழிவது 2,022 ரூபா மாத்திரமே. இவ்வாறே 20 ஆண்டும் செலுத்தினால் வட்டி மட்டும் 32 இலட்சத்து 85 ஆயிரம் ரூபாவரை சேரும். மாறாக, மாதந்தோறும் 8,000 ரூபாவைக் கூடுதலாகச் செலுத்தினால் 9 ஆண்டும் 3 மாதமும் ஆகுமளவிற் கடன் முற்றாகத் தீரும். வட்டி 13 இலட்சம் ரூபாவளவில் நின்றுவிடும். மிஞ்சுவது ஏறத்தாழ அவர் பெற்ற கடன் முழுவதற்கும் சமமானது. எண்கணிதம் அறிந்த எவரும் இதனை மறுக்கமாட்டார். ஆசிரியை அந்த 8,000 ரூபாவுக்காகப் புதுச்சேலை வாங்குவதை நிறுத்தினார். விடுமுறைக் காலங்களில் மாலை வகுப்பு நடத்தினார்.

இடையிலே தம்பி வந்து கேட்டான். கட்டாருக்குப் போவதற்கு முகவருக்குப் பணம் கட்டவேண்டும், "அக்கா, உங்களுக்குப் பிள்ளையா குட்டியா?" என்றான். "எனக்குக் கடன் இருக்கிறது, தம்பி" என்றார் ஆசிரியை. இந்த விடையே இங்கு ஆராயத்தக்கது.

முதலில், அவசரத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நோக்கலாம். பழைய வைதிக மரபு மனிதப் பிறவியையே கடனாகக் கண்டது. அந்தணன் மூன்று கடன்களோடு பிறக்கின்றான் எனத் தைத்திரீய சங்கிதை கூறும். முனிவர்க்குரிய கடன் கல்வியாலும், தேவர்க்குரிய கடன் வேள்வியாலும், தென்புலத்தார்க்குரிய கடன் மக்கட்பேற்றாலும் தீரும் என்பது அதன் கருத்து. பிற்காலத்தில் இக்கருத்து அந்தணரைக் கடந்து பரவியது. இதன்படி மணமாகாதவர் என்றுமே கடனாளி. வங்கிக்குச் செலுத்தி முடித்தாலும் அவருடைய மூன்றாங் கடன் நிலுவையில் நிற்கும். தம்பியின் கேள்வியிலே இம்மரபின் நிழல் இருக்கின்றது. பிள்ளை இல்லாதவளின் பணம் உடன்பிறந்தாரின் பிள்ளைகளுக்கு உரியது என்பது சட்டத்தில் எழுதப்படாவிடினும், பல குடும்பங்களில் எழுதியதைக் காட்டிலும் வலிமையுடன் வழங்குகின்றது. மணமான அண்ணனிடம் கேட்கத் தயங்குவோரும் மணமாகாத அக்காவிடம் கேட்கத் தயங்குவதில்லை. பேறு இல்லாமையைக் கடனாக மாற்றி, அக்கடனை வசூலிக்கும் உரிமையையும் தமக்கே எடுத்துக்கொள்ளும் இவ்வழக்கம் நேர்மையானதன்று.

பொருளியலாளர் கூறும் மறுப்பு வேறு வகையினது. பணத்தின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருக்கும் நாட்டிலே கடனை விரைந்து அடைப்பது அறிவீனம் என்பர் அவர். 2022ஆம் ஆண்டு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அவ்வாண்டு செப்டம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. நிலையான வட்டிக்குக் கடன் பெற்று, அதனை அவசரமின்றி அடைத்துவந்தவர், மதிப்பிழந்த ரூபாவினாலே பழைய கடனைச் செலுத்தினார். கையிலிருந்த பணத்தை நிலையான வைப்பில் இட்டவர்க்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. முன்னரே கடனை அடைத்து முடித்தவர் இவ்விரண்டையும் இழந்தார். இது உண்மையே. ஆனால் இது பாதி உண்மை. இலங்கை மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8ஆந் திகதி ஒரே நாளிற் கொள்கை வட்டி வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் பெற்றோர் நிலை யாதாயிற்று? முதல் முழுதும் நிலுவையிலிருக்க வட்டி 12 இலிருந்து 24 சதவீதமாகின், மேற்சொன்ன 20 இலட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 40,000 ரூபா. பழைய தவணை முழுவதையுங் கட்டினாலும் வட்டியின் பாதிக்குச் சற்று மேலாகத்தான் அது போதும். கடன் கட்டக் கட்ட வளரும். சம்பளமோ அவ்வேகத்தில் உயரவில்லை. வட்டி மீண்டும் குறையத் தொடங்கியது 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான்.

அந்த 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசே தன் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பாலானவற்றைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அரசுக்குக் கடன் கொடுத்தோர் பேச்சுவார்த்தைக்கு வந்தனர். ஆசிரியை தவணையை நிறுத்தினால் வங்கி அவரிடம் பேச்சுவார்த்தைக் குழுவை அனுப்புமோ? சட்டக் கடிதமே வரும். பெருங் கடனாளிக்கும் சிறு கடனாளிக்கும் இடையிலுள்ள இவ்வேறுபாட்டைப் பொருளியல் விரிவுரைகள் பெரும்பாலும் ஓரிரு சொற்களிற் கடந்துவிடுகின்றன.

இலாப நட்டக் கணக்கால் மட்டும் அளக்கமுடியாத ஒன்று தனித்து வாழ்பவரின் அவசரத்திலே உண்டு. இருவர் உழைக்கும் வீட்டில் ஒருவர் நோயுற்றால் மற்றவர் தவணையைத் தாங்கலாம். தனியாளுக்கு அத்தகைய இரண்டாவது தோள் இல்லை. அவர் படுத்தால் வருமானமும் படுத்துவிடும். ஆகவே அவர் செலுத்தும் கூடுதல் 8,000 ரூபாவை, பிறர் மணவாழ்விற் பெறும் பாதுகாப்பைத் தனியாகத் தாமே வாங்குவதற்குரிய விலை எனலாம். கடனுக்குப் பிணை நின்ற சக ஆசிரியர் இருவரையும் நினைத்தல் வேண்டும். கடன் முடியும்வரை அவர்கள் கையொப்பமும் அதிற் கட்டுண்டு கிடக்கின்றது. விரைந்து தீர்ப்பது அவர்களையும் விடுவிப்பதாகும். ஆகவே தனியாளின் கடன் என்பதும் முற்றிலும் தனியாளுடையதன்று.

மேலும், மலையகத்திற் பிறந்த ஒருவருக்குக் கடன் என்னுஞ் சொல் ஏட்டுக் கணக்கைக் காட்டிலும் ஆழமான நினைவைத் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கண்டிப் பகுதிக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளர், வரும்போதே கங்காணியிடம் முற்பணம் பெற்றுக் கடனாளியாகவே வந்தனர். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பினால் 'துண்டு' வேண்டும். இன்னின்ன தொகையைச் செலுத்தினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து அவர்களை எடுத்துக்கொள்ளும். கொடுத்த தொகை அவர்கள் பெயரிலேயே மீண்டும் கடனாக ஏறும். கால் இடம் மாறும். கடன் கூடவே நடக்கும். இம்முறை 1921ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. (ஒரு வங்கியின் வீட்டுக் கடனை இன்னொரு வங்கிக்கு மாற்றிக்கொள்ளும் இன்றைய ஏற்பாட்டை விளக்கும் விளம்பரங்களைப் படிக்கையில், மலையகத்தார் சிலருக்கேனும் துண்டு நினைவுக்கு வருதல் கூடும். இன்றைய கடனாளி குறைந்த வட்டியை நாடித் தானாக மாறுகின்றார் என்பது பெரிய வேறுபாடுதான்.) அத்தொழிலாளரின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். பல தலைமுறை வாழ்ந்த லயன் அறைக்கும் அவர்கள் கையில் உறுதி இருக்கவில்லை. அத்தகைய குடும்பத்தில் முதன்முதலாக ஓர் உறுதியிலே தன் பெயரைக் கண்ட பெண், அவ்வுறுதி வங்கிப் பெட்டகத்தில் இருக்கும் ஒவ்வோராண்டையும் மிகையென எண்ணினால், அதனைப் பேராசையென்று கூறுதல் தகாது.

வேர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலொன்றிலே, எழுத விரும்பும் பெண்ணுக்குப் பணமும் தனக்கென்று ஓர் அறையும் வேண்டும் என வாதிட்டார். அந்நூலிற் பேசும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண் கிடைத்தது அத்தையொருத்தியின் மரணசாசனத்தால். கண்டி ஆசிரியைக்கு அத்தகைய அத்தை இல்லை. வங்கி முகாமையாளரே உளர்.

எனினும் கடனில்லாமையையும் சொந்த வீட்டையும் விடுதலையென்றே கொள்ளும் எண்ணத்துக்குத் தடையாக, கண்டியைச் சூழ்ந்த நிலமே ஒரு கதையை வைத்திருக்கின்றது. 1660இற் பிடிபட்டு, 1679வரை இரண்டாம் இராசசிங்கனின் கண்டி இராச்சியத்திலே தடுத்துவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், உடுநுவரையிலுள்ள எலதெத்தவில் 25 லாரின் கொடுத்து நிலம் வாங்கி வீடு கட்டினார். அவர் மணஞ்செய்யவில்லை. தம் நாட்டவர் சிலருடன் சேர்ந்து, மணமாகாதோர் மட்டுமே அங்கு வாழ்வது என்று உடன்பாடும் செய்துகொண்டார். அவர் கடனாளியல்லர், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்று வாழ்ந்தவர். அந்நாட்டுக் கடன் வழக்கத்தை 1681இல் வெளியான தம் நூலிலே அவர் விரித்துரைத்துள்ளார். பணக்கடன் இரண்டாண்டில் இரட்டிக்கும், அதன்மேல் வளராது என்பது அவர் தரும் செய்தி. கடன் தீர்க்க இயலாதவரின் பிள்ளைகளையும் கடன் கொடுத்தவர் பற்றிக்கொள்ளலாம் என்பது அதனினும் கொடிய செய்தி. வட்டிக்கு எல்லை கட்டிய அவ்வழக்கம் மனிதருக்கு எல்லை கட்டவில்லை. இருக்கட்டும். சொந்த நிலம், சொந்த வீடு, கடனின்மை, தனிமை ஆகிய யாவும் நொக்ஸிடம் இருந்தன. விடுதலை மட்டும் இருக்கவில்லை. 1679இலே சிறுவணிகர்போல வடக்கு நோக்கிச் சென்று, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தபோது அவர் விட்டுவந்தவற்றுள் அவ்வீடும் ஒன்று.

ஆகவே கடனற்ற வீட்டினால் என்ன பெறப்படுகின்றது என்பதே வினா. மகாபாரதத்திலே யட்சன் வினாவுக்கு விடையிறுக்கும் தருமன், கடன்படாமலும் வேற்றூரில் உழலாமலும் தன் வீட்டிலே எளிய கீரையைச் சமைத்துண்பவனே மகிழ்ச்சியுடையவன் என்பான். புத்தபெருமான் அனாதபிண்டிகனுக்கு இல்லறத்தார்க்குரிய நான்கு இன்பங்களைக் கூறினார் என அங்குத்தர நிகாயம் கூறும். பொருளுடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, குற்றமின்மை என்பன அவை. முதன்மூன்றும் சேர்ந்தாலும் குற்றமின்மையாகிய நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்பது அங்கே முடிவு. தலதா மாளிகைக்கு நாள்தோறும் அடியார் திரளும் நகரிலே இந்த வரிசைமுறையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமானதே. தருமன் கடனின்மையோடு நிறுத்தினான். புத்தர் ஒரு படி மேலே வைத்தார். பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் தொடக்கத்திலும் இதே பிளவு தோன்றுகின்றது. முதியவரான கெபாலஸ், தெய்வத்துக்கும் மனிதர்க்கும் கடன்படாமல் இறக்க உதவுவதே செல்வத்தின் பயன் என்கின்றார். பித்துப்பிடித்த நண்பன் முன்பு தந்துவைத்த ஆயுதத்தைத் திருப்பிக் கேட்டாற் கொடுப்பது நீதியாகுமா எனச் சோக்கிரதீசர் மடக்குகின்றார். கெபாலஸ் பலி கொடுக்கவேண்டும் என்று எழுந்து போய்விடுகின்றார். கடனைக் கொடுப்பதனோடு அறம் முடிந்துவிடும் என எண்ணுவோர் பலரும் இவ்விடத்தில் எழுந்து போய்விடுகின்றனர்.

சோக்கிரதீசரின் வினாவை ஆசிரியையின் கணக்கேட்டின்மீது வைத்துப் பார்க்கலாம். மாதந்தோறும் அவர் வங்கிக்குக் கொடுப்பது 30,022 ரூபா. அதில் 22,022 ரூபா கடன். வங்கி கேட்கும் உரிமையுடையது. கொடாமை வாக்குத் தவறுதலாகும். மீதி 8,000 ரூபா? அதனைச் செலுத்தவேண்டிய நாள் இன்னும் வரவில்லை. வங்கி அதனைக் கேட்கவுமில்லை. முன்கூட்டித் தீர்ப்போரிடம் தனிக்கட்டணம் அறவிடும் வங்கிகளும் உள என்பதை நோக்கின், விரும்பவுமில்லை எனலாம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையிலும், ஒற்றி வைத்த நிலத்தை நினைத்த நாளில் மீட்க இயலாது. விளைச்சற் பருவத்தோடு பொருந்தவே மீட்கலாம். கடன் கொடுத்தவர்க்கும் அத்தவணையிலே உரிமை உண்டு என்னும் எண்ணம் பழையதே. எனவே இந்த 8,000 ரூபாவை வங்கிக்குரிய கடன் என்று சொல்வது பொருந்தாது. அது ஆசிரியை தமக்காக, தம் முதுமைக்காகச் செய்யும் ஓர் ஏற்பாடு; வங்கி அதற்கு ஒரு பெட்டியாகப் பயன்படுகின்றது.

இவ்வேற்பாட்டுக்கு அவருக்கு முழு உரிமையும் உண்டு என்பதற்கான காரணங்கள் மேலே கூறப்பட்டன. ஆனால் உரிமை இருப்பதனாலேயே, அதனை நிறுத்துவதும் அவர் கையிலேதான் இருக்கின்றது. தாயின் கண்ணிலே புரை படர்ந்து, சத்திரசிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் மாதத்தில், 'கடன் இருக்கிறது' என்று அவர் தம்மிடமே சொல்லிக்கொண்டால் அது பொய்யாகும். 8,000 ரூபாவை அம்மாதம் செலுத்தாவிடின் வங்கியிற் குற்றமில்லை; தாயின் கண்ணோ காத்திராது. ஒரு கடன் நாள் வராதது. மற்றது நாள் வந்துவிட்டது. இவ்விடத்தில் மட்டும் விரைவு குற்றமாகின்றது. தம்பியின் வேண்டுகோளோ வேறு. அது தேவையன்று என்று கூறுவதற்கில்லை. ஆயினும் அக்காவின் முதுமையை ஈடுவைத்துத் தீர்க்கவேண்டிய தேவையன்று. அவர் மறுத்தமையிலே தவறில்லை.

மறுத்த சொல்லிலேதான் தவறு இருக்கின்றது. அத்தவறும் அவருடையது மட்டுமன்று. 'இப்பணத்தை எனக்காக வைத்திருக்கிறேன், தம்பி' என்பது உண்மையான விடை. மணமான ஆண் இதனை 'என் பிள்ளைகளுக்காக' என்று மாற்றிச் சொல்லித் தலைநிமிர்ந்து நடப்பான். மணமாகாத பெண்ணின் வாயிலிருந்து 'எனக்காக' என்னுஞ் சொல் வந்தால் அதனைக் கேட்டுப் பொறுக்கும் குடும்பங்கள் குறைவு. ஆகவே அவர் வங்கியின் பின்னே மறைந்துகொள்கின்றார். அவமானமின்றி 'இல்லை' என்று சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே மறைப்பு அக்கடனாக இருக்கின்றது. எந்தக் கடனை விரைந்து ஒழிக்க உழைக்கின்றாரோ, அதே கடனின் நிழலிலேதான் அவர் நிற்கின்றார்.

கடைசித் தவணை செலுத்தப்பட்ட பின்னர் ஈட்டு விடுவிப்புப் பத்திரத்தில் வங்கி கையொப்பமிடும். கண்டிக் காணிப் பதிவகத்தின் ஏட்டிலே அது பதியப்படும். உறுதி வீட்டுக்கு வரும். அன்று மாலையோ அடுத்த மாதமோ கட்டாரிலிருந்து தம்பி தொலைபேசியில் அழைப்பான். அவனுடைய மகனுக்குக் கொழும்பிலே ஒரு படிப்பு, அல்லது ஒரு முச்சக்கர வண்டி. "அக்கா, இப்போது கடனும் முடிந்துவிட்டதே" என்பான்.